பல்லைப் பிடித்துப் பார்த்தல்

ஐம்பத்திரண்டாயிரம் தெங்கே.
அதில் பதினெட்டு, பூட்ஸுக்கென்று எடுத்து வைத்தது.
கரகந்தாவில், பிப்ரவரியில்,
பூட்ஸ் காசில் கை வைப்பவளைப்
பைத்தியம் என்பார்கள்.
சொல்லட்டும்.

ரொமான் நோகாயின் கடை
பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
சாவி வெட்டுகிறவனுக்கும்
உறைந்த மீன் விற்கிறவளுக்கும் நடுவே.
கண்ணாடிப் பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டுகள்
மல்லாந்து கிடந்தன,
விசிறி மேலே தெரிய.

"மானிட்டர் என்ன?"
பழையது. நூலகத்தை மூடியபோது ஏலத்தில் எடுத்தது.
"பவர் சப்ளை?"
நானூறு வாட் என்று ஸ்டிக்கர் சொல்கிறது.
"ஸ்டிக்கர் எதையும் சொல்லும்.
சரி, என்ன ஆடுவீர்கள்?"

இதற்குத்தான் பதில் கொண்டுவரவில்லை.
ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில்
ஏழு வருடம். காதால் பார்க்கிற வேலை.
எந்த வாசல், எத்தனையாவது மாடி, மூச்சு வருகிறதா.
ஒரு முகம்கூடக் கண்டதில்லை.
வீட்டுக்கு வந்தால்
ஒரு காட்டுக்குள் நடக்க வேண்டும் எனக்கு.
இப்போது என் கணினியில்
நிழல்களை அணைத்தால்தான் ஆட்டம் நகரும்.
நிழல் இல்லாத மரங்கள்
ஒட்டிவைத்த படம் மாதிரி நிற்கின்றன.

"காடு வரும் ஆட்டம்" என்றேன்.
"ஓநாய் உண்டா?"
உண்டு.
"அப்படியானால் எட்டு ஜிபி"
என்றான், சிரிக்காமல்.

இரண்டை எடுத்து வைத்தான்.
ஒன்று ஆயிரத்து அறுநூற்று ஐம்பது.
நாலு ஜிபி. தனி வயர் கேட்காத சாது.
நாற்பத்தெட்டாயிரம்.
மற்றது ஐந்நூற்று எண்பது.
எட்டு ஜிபி, முப்பத்தாறாயிரம்தான்.
மலிவுக்கு ஒரு கதை இருக்குமே என்றேன்.
இருந்தது.
எகிபாஸ்துஸில் ஒரு கிடங்கில்
இரண்டு வருடம் இரவு பகலாக
யாரோ ஒருவனுக்காக நாணயம் தோண்டியதாம்.
கூட நூற்றெண்பது வாட் தின்னும்.
ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழமுடியுமா?
பழைய பவர் சப்ளை ஒன்று, பன்னிரண்டாயிரம்.
கூட்டினேன்.
அதுவும் நாற்பத்தெட்டு.

காசு கைவிட்டுவிட்டது.
இனி நான்தான் முடிவுசெய்ய வேண்டும்.

தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது என் பூட்ஸ்.
கார்டைத் திருப்பினேன். தங்கப் பற்கள் வரிசையாக இருந்தன,
ஓரத்தில் ஒன்றில் மட்டும் கீறல்.
திருகாணி மேல் ஒட்டிய முத்திரை கிழிந்திருந்தது.
முகர்ந்தேன். தூசி, கொஞ்சம் எண்ணெய்,
கருகல் இல்லை.

சோதனையில் போட்டான்.
திரையில் மயிர் முளைத்த வளையம் ஒன்று சுழன்றது.
அறுபது டிகிரி. எழுபத்து நாலு. எண்பத்தொன்று.
அங்கேயே நின்றது.
"பாருங்கள், படம் உடையவில்லை" என்றான்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

மூச்சு வருகிறது.
இழுப்பு இல்லை.
வலது பக்கம் லேசான கரகரப்பு,
அதை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர்
படியேறி வேலைக்குப் போகிறார்கள்.

"இதையே கட்டுங்கள்."

கட்டும்போது சொன்னான்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
வீட்டுக்குப் போனதும் பையைத் திறக்காதீர்கள்,
குளிரில் வந்தது உள்ளே வியர்க்கும்.
இரண்டு மணி நேரம்.
அவசரப்பட்டு மின்சாரம் கொடுத்தவர்கள்
திரும்ப என்னிடம்தான் வருகிறார்கள்.

மேசையில் வைத்தேன்.
சரியாகச் சொன்னான், பையின் மேல்
பொடிப்பொடியாக நீர் பூத்தது.
கடிகாரத்தில் ஏழேகால்.
எட்டு மணிக்கு ஷிப்ட்.

பூட்ஸின் இடது அடிப்பாகம் வாயைத் திறந்திருந்தது.
ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறையைக்
காலுறைமேல் சுற்றி
உள்ளே நுழைத்துக்கொண்டேன்.
ஆக, மேசையில் ஒரு பை, காலில் ஒரு பை.
இரண்டில் எது முதலில் காயுமோ.

மூன்றாவது அழைப்பில் ஒரு பெண்,
சீக்கிரம், சீக்கிரம் என்றாள்.
நான் கேட்டேன்,
எந்த வாசல்,
எத்தனையாவது மாடி.