நாலு தகடு

சரிவு மேடையில் படகைச் சாய்த்துக் கிடத்தியிருந்தான்
லோவ்ரி, வயிறு தெரிய.
ஷெட்லாண்டில் மே மாதம். இரவு ஒன்பதுக்கும்
உருப்பெருக்கி பிடிக்க வெளிச்சம் உண்டு.
"இந்தக் குடாவைத் தாண்டியதே இல்லை" என்றான்.
வாங்க வந்தவள் நான். தலையாட்டிவிட்டுக் குனிந்தேன்.

அடிப்பலகை எங்கும் கொட்டலசு.
தலையைப் பலகையில் ஒட்டிவைத்து
ஆயுள் முழுக்கக் காலால் அள்ளித் தின்கிற சாதி.
எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும்,
தகடுகளை எண்ணும்வரை.

ஆறு. ஆறு. ஆறு.
வாய் சாய்சதுரம். முன்தகடு அகலம்,
பக்கத்துத் தகடுகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
இந்த ஊர்ப் பாறையெல்லாம் இதுதான்.
ஒன்றில் மட்டும் தையல் தேய்ந்து, எண்ண வரவில்லை.
நகத்தால் உப்பைச் சுரண்டி, எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
அதுவும் ஆறு.

சுக்கானுக்குப் பின்னால், மறைவில்,
ஒரு பட்டாணி அகலம்,
ஓரம் அலையலையாய்.
நாலு.
வலமாக ஒருமுறை, இடமாக ஒருமுறை எண்ணினேன்.
நாலே நாலு.

பூமியின் அந்தக் கோடிக்காரி.
போர்க்காலக் கப்பல்களில் தொற்றி வந்து
இங்கிலாந்தின் தென்கரையில் குடியேறியவள் என்பார்கள்.
இவ்வளவு வடக்கே வரவே மாட்டாள் என்றில்லை;
ஒன்றென்றால் பேசாமல் விட்டிருப்பேன்.
பதினேழு இருந்தன.

"தெற்கே எங்கே போனாய், லோவ்ரி?"
கயிற்றைச் சுருட்டினான். சுருட்டியதை அவிழ்த்தான்.
போனது பெரிதில்லை.
ஓடுகிற படகில் இவள் ஒட்டமாட்டாள்.
நின்றிருக்க வேண்டும், ஒரே இடத்தில்,
குஞ்சுகள் நீரில் அலையும் நாட்களில்,
வாரக்கணக்கில்.

"போர்ட்ஸ்மத்" என்றான் ஒருவழியாக. "ஆறு வாரம்."
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.
"வருகிறேன் என்றுதான் கடிதம்,"
அதைப் படகிடம் சொன்னான்.

விலை பேசினோம். அந்தப் பொய்க்கு
நூறு பவுன் குறைக்கச் சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

"சுரண்டித் தருகிறேன்" என்று உளியை எடுத்தான்.
முன்பக்கமிருந்து தொடங்கினான். ஆறுகள்
மொறுமொறுவென்று உதிர்ந்தன.
சுக்கான்வரை வந்தவன் நின்றான்.
"இதைச் சுரண்டினால் தழும்பு இருக்குமா?"

சில இனங்கள் வெள்ளை வட்டம் விட்டுப் போகும், என்றேன்.
இதற்கு அடியில் ஓடு கிடையாது, வெறும் சவ்வு.
ஒரு துடைப்பில் போய்விடும்.

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன்.