அடகு

தொண்ணூற்றொன்றில்
தேசம் தன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி
அடகுக்கு அனுப்பியது.
அந்த வாரம்தான் நவநீதமும்
லாங்பஜார் சேட்டிடம் கம்மலைக் கழற்றினாள்.

தேசம் மீட்டுக்கொண்டது.
கம்மல் ஏலத்தில் போயிற்று.

அப்புறம் கஸ்பா பிரசவ ஆஸ்பத்திரியில்
பஞ்சை வெளியே வாங்கிவரச் சொன்னார்கள்.
அப்புறம் ஊசியை.
அப்புறம் கதவில் பூட்டு.
மூன்றாவது பிள்ளைக்கு வட்டிக்கு வாங்கினாள்.
தெருக்குழாய் நின்ற இடத்தில்
இப்போது கேன் தண்ணீர், முப்பது ரூபாய்.
பாலாறு பக்கத்தில்தான் கிடக்கிறது, மணலும் இல்லாமல்.

நவநீதம் கூட்டுவது மாநகராட்சித் தெரு.
மாநகராட்சி ஆள் இல்லை அவள்,
ஏஜென்சி.
விடியுமுன் ஐந்தரைக்கு
போனில் முகம் காட்ட வேண்டும்.
இருட்டில் முகம் பிடிக்காது.
பிடிக்காத நாளுக்குக் கூலி கிடையாது,
தெரு சுத்தமாக இருந்தாலும்.

கோட்டை அகழியோரம்
சுற்றுலாக்காரர்களுக்காக
நீலமும் பச்சையுமாய் விளக்கு போட்டிருக்கிறார்கள்.
அந்த வெளிச்சத்துக்கு ஓடுகிறாள்.
“ஆடாத, நேரா பாரு” என்கிறான் சூப்பர்வைசர்,
பத்தாவது வரை அவள் மகனோடு படித்தவன்.
நேராகத்தான் பார்க்கிறாள்.

பச்சை வட்டத்துக்குள்
முகம் மட்டும் விழுகிறது.
காது விழுவதில்லை.
துளை தூர்ந்துவிடாமலிருக்க
துடைப்பத்திலிருந்து உருவிச் செருகிய
ஈர்க்குச்சியும்.