மேசை ஒன்று, கால் நான்கு

சுங்கத் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.
முஹரக்கில் வேனிலிருந்து இறக்கும்போது
போர்வைக்குள் அது முனகியது.
மேசை முனகாது என்றேன்.
மொஃபிசுல் சிரிக்கவில்லை, அவனுக்கு இடுப்பு வலி.

சிம்பலோம் என்றாள் அந்தப் பெண்.
கம்பிகள் நூற்றுச் சொச்சம்,
பஞ்சு சுற்றிய குச்சி இரண்டு.
வெளியே செப்டம்பர் ஈரம், உள்ளே பதினெட்டு டிகிரி.
ஒவ்வொரு கம்பியும் தன்னிஷ்டத்துக்கு இறங்கிக் கிடந்தது,
சம்பள நாளுக்கு மறுநாள் கேம்ப் மாதிரி.

இரண்டரை மணி நேரம் முடுக்கினாள்.
நான் டார்ச் பிடித்தேன்.
அவன் சாக்ஸபோனின் ரீடை நாக்கில் ஊறவைத்தபடி
சுவரில் போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெயரைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள் என்றாள்,
கம்பியிலிருந்து கண்ணெடுக்காமல்.
ஹங்கேரியில் வீட்டுப்பெயர்தான் முதலில்.
கெலெமன் பொர்பாலா. சூச் அம்ப்ருஷ்.
எல்லை தாண்டினால் எங்களைத் திருப்பிப் போடுவார்கள்,
நாங்களும் திரும்பிக்கொள்வோம்.

கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினேன்.
பதினோரு வருடமாக இங்கே நான் சிலுவை.
சிலுவை என் அப்பா.
தூத்துக்குடியில் ஐஸ் ஆலையில் வேலை,
பஹ்ரைனைப் பார்த்ததே இல்லை.
ஆனால் மைக் இரைந்தால்
அவரைத்தான் திட்டுவார்கள்.
ரெமிஜியுஸை இந்த நாட்டில் யாரும்
ஒரு சொல் சொன்னதில்லை.

அவள் சிரித்ததில் குச்சி நழுவி
இன்னும் முடுக்காத ஒரு கம்பியில் விழுந்தது.
அம்ப்ருஷ் அந்தப் பிசகை அப்படியே திருப்பி ஊதினான்.
அதை மட்டும் விட்டுவிடு என்று சொல்லியிருக்கவேண்டும்.
எனக்கென்ன தெரியும்?
ஒவ்வொரு சொல்லிலும் முதல் அசையில் காலை ஊன்றி
மிச்சத்தைத் தாவிக் கடக்கிற மொழி அது.

எட்டு மணிக்கு நாற்பத்தோரு பேர்.
தூதரகத்து ஆட்கள், பல் மருத்துவர்கள் இருவர்,
கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு மொஃபிசுல்.
எனக்குத் தந்த தாளில் இருந்தது:
ஐந்தாவது மிக மெல்லியது, ஏசியை அணைக்கவும்.

ஐந்தாவது, மணப்பெண்ணை அழைத்துப்போகும் பாட்டு.
ஏதோ மலைக்கிராமத்தில் மெழுகு உருளையில் பிடித்ததாம்.
பாடியவள் பெயர்?
இன்னாரின் மனைவி என்றுதான் குறித்திருக்கிறதாம்.

ரிமோட்டை அழுத்தினேன்.
சட்டையில் துடைத்து அழுத்தினேன்.
பேட்டரியைக் கழற்றி, உருட்டி, மாட்டி அழுத்தினேன்.
கூரையில் அந்த ஐந்து டன் இயந்திரம்
ம் என்றே இருந்தது.

அவன் ஊதவில்லை.
தலையைச் சாய்த்து மேலே பார்த்தான்,
யாரோ மாடியிலிருந்து கூப்பிட்டதுபோல.
பிறகு அந்த ம்-மைத் தொட்டான்.
சற்றுக் கீழே. மறுபடி அதே இடம்.
அவள் நான்கு கம்பிகளை ஓர் இழை தளர்த்தினாள்,
எல்லோர் முன்னாலும், சாவி போட்டு, அவசரமில்லாமல்.

பாட்டு ஏசியின் மேல் ஏறி உட்கார்ந்தது.
மெட்டைப் பாதியில் விட்டுப் போனான் அவன்,
சாவி மறந்தவன்போலத் திரும்பி வந்தான்,
வேறு வாசலால் போனான்.
அவள் அந்த நான்கு வரியை விடவேயில்லை.
ஒருமுறை சிக்கனமாக, ஒருமுறை வாரியிறைத்து,
ஒருமுறை குச்சியைத் திருப்பி வெறும் மரத்தால்.
எது நூறு வருடத்தது, எது அந்த நிமிடத்தது,
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.
மீட்டரில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே
ஒரு கோடு நடுங்கியது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டக்.
குளிர் போதுமென்று இயந்திரம் தானே நின்றது.
உட்கார்ந்திருந்த பாயை உருவியதுபோல்
அந்தரத்தில் அவனுடைய ஒற்றைச் சுரம்.
மூச்சு தீரும்வரை பிடித்திருந்தான்.
அவள் குனிந்து, தேடி,
மதியம் விட்டுவைத்த அந்தப் பிசகிய கம்பியை
ஒரு தட்டு.
அவ்வளவுதான் ஐந்தாவது.

மேனேஜர் நேராக என்னிடம் வந்தார்.
சிலுவை, உனக்கு அறிவிருக்கிறதா?

அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட்.
போன் போட்டு,
இன்றைக்கு உங்களுக்கு நல்ல திட்டு என்றேன்.
எதற்கு என்றார்.
சொன்னேன், கேட்கவில்லை.
அவர் முதுகுக்குப் பின்னால் ஐஸ் ஆலை
ம் என்றது,
ஓர் இழை கீழே.