நூற்று நாற்பது டாலரில் ரோம்

சஸ்காட்செவனில் பிப்ரவரி.
கர்லிங் அரங்கின் பின்கூடத்தில்
பேசுகிறவர் வாயிலிருந்து
சொல்லுக்கு முன்னால் புகை வருகிறது.
ஆறு தூண் வேண்டும் என்றாள் வெர்னா.
பளிங்கு. சபா மண்டபம்.
சக்கரவர்த்தியைக் குத்திக் கொல்கிற இடம்.
நாடகம் அவளே எழுதியது, மூன்று மணி நேரம்.
கையில் நூற்று நாற்பது டாலர்;
அதில் முப்பதைச் செருப்புகள் தின்றிருந்தன.

பாலத்துக்குக் கான்கிரீட் வார்க்கிற
அட்டைக் குழாய்கள்
ஆர்லனின் கொட்டகையில் கிடந்தன,
ஓரம் ஈரத்தில் உப்பி.
எடுத்துக்கொள் என்றான்,
எலிக்கூடு இருந்தால் அதையும் சேர்த்து.
இருந்தது.
அந்த ஒன்றை மட்டும்
வியாழக்கிழமை வரை தொடவில்லை.

தண்ணீர்க் குழாய் உறைந்துவிடாமல் போர்த்துகிற
நுரை உறையை நீளவாக்கில் பிளந்து
வரிவரியாக ஒட்டினேன்.
இருபது வரி என்று கணக்கு.
பத்தொன்பதிலேயே சுற்று முடிந்துவிட்டது.
போகட்டும், அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நிற்கும்.
ரோமிலும் எவனோ ஒருவன்
இப்படித் திருப்பி வைத்துவிட்டு
கூலி வாங்கிப் போயிருப்பான்.

உச்சிக்கு டெல்மாவின் கேக் அச்சு.
காகிதக்கூழ் காய்ந்து கழன்று வந்தபோது
அதில் பழைய வெண்ணெய் வாசம்.
இலைகளைப் பால் கேன்களிலிருந்து வெட்டினோம்,
கத்தரி பிடித்த விரல் கன்றிப்போகும் வரை.
ஓர் இலையின் மடிப்புக்குள் இன்னும் படிக்கலாம்:
மார்ச் மூன்றுக்குள் பயன்படுத்தவும்.

சுவர்ப்பூச்சு, மீந்த பெயின்ட்,
மரமறுக்கும் இடத்தில் கூட்டி அள்ளிய தூள்.
துரும்பைக் குழைத்துப் பூசினால் தூண்;
அதற்கு மேல் ரகசியம் இல்லை.

பளிங்கின் நரம்புகளைத்தான்
என்னால் வரைய முடியவில்லை.
என் கோடுகள் பள்ளிக்கூட வரைபடத்தில்
நதிகள் போல ஒழுங்காக ஓடின.
ரோலிக்கு இரண்டு வருடமாகக் கை நடுங்குகிறது,
தேநீர்க் கோப்பையை அரைவாசிதான் நிரப்புவான்.
வாத்து இறகைச் சாம்பல் நிறத்தில் தோய்த்து
அவன் கையிலிருந்து வாங்கப் போனேன்.
தரவில்லை.
ஈரப்பூச்சின் மேல் இறகு
தானே வழி தேடுவதுபோல் போனது,
தயங்கியது, கிளைத்தது, காணாமல் போனது.
ஆறு தூணையும் அவனே முடித்தான்.
யாரும் பாராட்டிவிடக் கூடாதே என்று
அறையைப் பெருக்க ஆரம்பித்தான்.

அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணல் மூட்டை.
இரண்டாம் நாள் காட்சியன்று
சாலையில் பனி இறுகி வண்டி வழுக்கவே
பின்பாரத்துக்கு ஒரு மூட்டையை
ஆர்லன் எடுத்துப் போயிருந்தான்.
சொல்லவில்லை. கேட்டபோது
சொன்னதாகத்தான் நினைத்தேன் என்றான்.

குத்துப்பட்ட சக்கரவர்த்தி விழுந்தார்
(வாரநாட்களில் பயிர்க் காப்பீடு விற்கிற காட்ஃப்ரீ).
சதிகாரர்களில் ஒருவரின் மேலங்கி பட்டு
ஆறாவது தூண் யோசிக்கத் தொடங்கியது.
மெதுவாகச் சாய்ந்தது, கனமற்றவை சாய்கிற விதத்தில்.
முன்வரிசை மூச்சைப் பிடித்தது.
அப்போது பிணம்
கண் திறக்காமல்
இடதுகாலைத் தூக்கி அதைத் தாங்கியது.
விதவையின் புலம்பல் ஏழு நிமிடம்.
ஒரு வரியையும் அவள் விழுங்கவில்லை.
செத்தவர் தொடை நடுங்க
சாம்ராஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.
சிரிப்பு வந்தவர்கள் கையுறையைக் கடித்துக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை மைனஸ் இருபத்தெட்டு.
தூணொன்றைத் தோளில் சாய்த்து
தெருவைக் கடந்துகொண்டிருந்தேன்,
பள்ளிக்கூடம் கேட்டிருந்தது, நடன விருந்துக்கு.
ஒரு லாரி நின்றது.
வெளியூர்க்காரன், நம்பர் பிளேட் மானிட்டோபா.
பதறி இறங்கி ஓடிவந்தான்:
தனியாகவா தூக்குகிறீர்கள், பொறுங்கள், பொறுங்கள்!
மறுமுனைக்குப் போய்
கால்களை அகற்றி, முழங்காலை மடித்து,
இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் இருக்க
மூச்சை உள்ளே இழுத்து
பளிங்குக்குத் தயாரானான்.

நான் எதுவும் சொல்லவில்லை.