படி

மூன்று வயது இரண்டு மாதம்.
பெயர் சுதீஷ். ஊர் குடியாத்தம், நெல்லூர்பேட்டைப் பக்கம்.
ஒன்பது கட்டை கொடுத்தேன். ஏழை அடுக்கினான்,
எட்டாவதைக் கடித்துப் பார்த்தான்.
ஏழு என்று எழுதினேன்.
உலர்திராட்சையைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து
எடுத்தான், என்னைப் பார்த்துக்கொண்டே தின்றான்.
தின்றாலும் டிக் உண்டு.
ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால்
சுவரைப் பிடிக்கிறான். சுவர் கணக்கில் வராது.

'மாறி மாறிக் கால் வைத்துப் படி ஏறுவானா?'
இருபத்து மூன்றாம் கேள்வி.
"படி ஏதுக்கா எங்கூட்ல?" என்றாள் கெங்காதேவி.
"வாசக்கால் தாண்டினா ரோடு."

இந்தத் தாளை எழுதியவர்
மாடிவீட்டுக்காரராக இருக்க வேண்டும்.

படி தேடிப் போனோம்.
மே மாதம், பதினோரு மணி,
தார் செருப்போடு எழுந்து வந்தது.
ரேஷன் கடையில் இரண்டே படி, ஒன்றில் நாய்.
பள்ளிக்கூடம் பூட்டு.
கடைசியில் கூட்டுறவு வங்கி. ஏழு படி.
"அக்கவுண்ட் கீதா?" என்றார் வாட்ச்மேன்.
"சும்மா ஏறி இறங்கணும், அவ்ளோதான்."

சுதீஷ் வலது காலை வைத்தான்.
இடதைக் கொண்டுவந்து பக்கத்தில் சேர்த்தான்.
நின்றான். மறுபடி வலது, மறுபடி சேர்ப்பு.
ஏழுக்கும் அப்படியே.
பேனா மூடியைக் கழற்றினேன்.
'இல்லை'க்கு உள்ள கட்டம் சின்னது, ஒரு கோடு போதும்.

அவனை இறக்கிக் கூட்டிவர அவள் ஏறினாள்.
வலது கால்.
இடதை இழுத்துவந்து பக்கத்தில்.
நின்றாள். மறுபடி வலது.
சேலைக்குக் கீழே
உள்பக்கம் திரும்பிய பாதம்.

நடை பார்ப்பது பதினோரு வருடமாக என் வேலை.
அவ்வளவு தூரம் கூடவே வந்தவள்.
நான் வெயிலைத்தான் பார்த்திருக்கிறேன்.

"இவன் வேற எங்க படி ஏறியிருக்கான்?"
"பீடிக் கம்பெனிலதான். கட்டு குடுக்கச் சொல்ல
என் கையப் புட்ச்சிக்கினு ஏறுவான்.
இன்னாக்கா, தப்பா ஏர்றானா?"

வாட்ச்மேனிடம் கெஞ்சினேன்.
சிரித்துக்கொண்டு ஏறிக் காட்டினார்,
வலது இடது வலது இடது,
பெல்ட்டில் சாவிக்கொத்து குலுங்க.
சுதீஷ் சாவியைத்தான் பார்த்தான்.
பிறகு அதன் பின்னாலேயே ஏறினான்.
சேர்த்தான். சேர்த்தான். சேர்த்தான். சேர்த்தான்.
அடுத்ததில் இடது கால் நிற்காமல்
தனியாக மேலே போய்விட்டது.

அப்படியே நின்று
அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது,
கட்டு எண்ணிப் பழகிய உதடு.
"அஞ்சாவதுல வச்சான்க்கா," என்றாள்,
"எழுதிக்கோ."