ஒரு பலகை, மூன்று கண்

என் சீனம் ஒரகடத்தில் கற்றது.
திருகாணி, ஷிப்ட், பழுது, மறுபடி செய்,
கையுறை எங்கே, இந்த வாரம் ஞாயிறும் வேலை உண்டு.
இவ்வளவுதான் தெரியும் என்றேன்.
போதும் என்றார் சபா செயலாளர்.
வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர்
டெல்லியில் காய்ச்சலோடு படுத்துவிட்டாராம்.

அப்படித்தான் மார்கழி பதினோராம் நாள்
மயிலாப்பூரில், ஷென் யூலானுக்குப் பக்கத்தில்
எனக்கும் ஒரு மைக்.

ஒன்பது வயதில் சேர்த்தார்கள் என்றாள்.
ஊதுபத்தி ஒன்று எரிந்து முடியும்வரை
கைகளில் நிற்க வேண்டும், கால்கள் சுவரில்.
தலைகீழாய் அழுதால்
கண்ணீர் நெற்றிக்கு ஓடி முடிக்குள் போய்விடும்,
வாத்தியாருக்குத் தெரியாது.
விடியுமுன் உறைந்த ஏரியைப் பார்த்து நின்று
ஈ என்று ஒரே மூச்சு,
வாயிலிருந்து புகை நிற்கும்வரை.
புருவம் மேலே ஏற
தலைப்பட்டையை இறுக்கிக் கட்டிய முதல் நாள்
வாந்தி எடுத்தாள்.
மறுநாள் பாடினாள்.

அவள் நான்கு நிமிடம் பேச
நான் இரண்டு வரி சொன்னேன்.
முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைத் திருகினார்.

"கசப்பைத் தின்றேன்" என்றாள்.
பாடுபட்டேன் என்பதற்கு அவர்கள் பேச்சு அது,
லைனில் தினமும் காதில் விழுவது.
அப்படியே சொன்னேன்.
"பாகற்காயா?" என்றது பால்கனி.
கொல்லென்று சிரிப்பு. அவளும் சிரித்தாள்,
எதற்கென்று தெரியாமல்,
லிஸ்பனிலும் துபாய் ஹோட்டல் வரவேற்பறையிலும்
சிரித்துப் பழகிய சிரிப்பு.

எங்கே போனாலும் அதே எட்டு நிமிடம் கேட்கிறார்கள்,
முழுக்கதை நான்கு மணி நேரம்,
அவள் வீடு திரும்பும் கட்டத்தை
வெளிநாட்டில் ஒருமுறைகூடப் பாடியதில்லை என்றாள்.
இதை நான் சொல்லவில்லை.
செயலாளர் விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு தாளம்.
பான், யென் என்றாள்.
அப்பாடா, தெரிந்த சொற்கள்.
பான் என்றால் சர்க்யூட் பலகை.
யென், திருகாணி இறங்கும் துளை.
"ஒரு பலகை, மூன்று துளை" என்றேன்.
அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
உள்ளங்கையில் ஓங்கித் தட்டினாள், பான்.
விரலால் தன் இமையைத் தொட்டாள், யென்.
தொட்டாள். தொட்டாள்.
"கண்" என்றேன். "ஒரு அடி, மூன்று கண்."

அடுத்த கச்சேரிக்கு வந்து ஓரமாய் உட்கார்ந்திருந்த
மிருதங்கக்காரர் தெய்வசிகாமணி
"முழவிலும் அடிக்கிற இடத்துக்குக் கண்ணுன்னுதாம்மா பேரு" என்றார்,
உறையைக் கழற்றாமலே ஒரு தட்டு.
தொம்.
சட்டென்று திரும்பினாள்,
சட்டைக் கையில் தைத்த வெண்பட்டு பறந்துபோய்
என் மைக்கைக் கவிழ்த்தது.
ஒத்திகையில் இல்லாதது அது ஒன்றுதான்.
அதற்குத்தான் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை, ஏ ஷிப்ட்.
பச்சைப் பலகைகள் பெல்ட்டில் வருகின்றன,
ஒவ்வொன்றிலும் மூன்று.
மேற்பார்வையாளர் கோவ் நின்றார்.
உன் விரல் ஏன் ஆடுகிறது?
சீனத்திலேயே பதில் இருந்தது என்னிடம்.
கையுறை பெரிது என்றேன்.