எண்பதில் கதவு திறக்கும்

அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்குப் பின்சந்தில்
மருந்துக்கடை மாடியில்
ஒரு மலைக்கிராமம் வைத்திருக்கிறேன்.
அங்கே விடிந்தால்
பதினான்கு நிமிடத்தில் இருட்டிவிடும்.
ஏற்காடு ஏறும் இருபது கொண்டை ஊசியை
மூன்றாகச் சுருக்கிவிட்டோம்,
நாலாவதில் ஆட்டக்காரர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

ஒரு நாளுக்குப் பத்துத் தெம்பு.
களை எடுத்தால் இரண்டு போகும்,
மிளகுக்கொடி ஏற்றிக் கட்ட மூன்று,
காதலுக்கு ஒன்றுதான்.
மலிவாக வை என்றார் முதலாளி.

காப்பிப்பழம் எடைபோடும் கிளாராவுக்கு
வயது முப்பத்தொன்று.
ஆரஞ்சு கொடுத்தால் மூன்று புள்ளி,
மழைநாளில் கொடுத்தால் ஆறு,
பலாச்சுளை கொடுத்தால் இரண்டு குறையும்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
அதை எழுதிய அன்று எனக்கு வயிறு சரியில்லை.
நாற்பதில் உங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்.
அறுபதில் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டுப் பேசுவாள்.
எண்பதில், இரவு ஒன்பதுக்கு மேல்,
வீட்டுக் கதவு திறக்கும்.
அப்புறம் திரை இருளும்.
பதினெட்டு தாண்டியவர்களுக்கு மட்டும் என்று
முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம்.

நாகஜோதி சோதிப்பவள்.
கொண்டலாம்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்,
ஒரே இரவை நாற்பது தடவை விளையாடுவாள்,
பிழைகளுக்கு எண் போட்டு அனுப்புவாள்.

பிழை 187: கிளாரா சுவருக்குள் நடக்கிறாள்.
பிழை 188: மழையில் குடை இருக்கிறது, பிடிக்கக் கை இல்லை.
பிழை 203: ஒரே ஆரஞ்சை எட்டுத் தரம் கொடுக்க முடிகிறது.
எட்டுத் தரமும் ஆச்சரியப்படுகிறாள்.

எல்லாம் சரிசெய்தேன்.

பிழை 212: வேண்டாம் என்று சொல்லும்போதும் சிரிக்கிறாள்.

அது பிழையில்லை, பட்ஜெட் என்றேன்.
ஓவியருக்கு ஒரு முகத்துக்குத்தான் காசு கொடுத்தோம்.

பிழை 213: கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா?
உண்டென்றால் எந்தப் பக்கம்?

மத்தியானம் முழுக்க அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பச்சைப் பெயின்ட், மூலையில் கொஞ்சம் உரிந்து,
அழகாகத்தான் வரைந்திருக்கிறார்.
முன்பக்கம் மட்டும்.
திருப்பிப் பார்த்தால் கதவே இல்லை.
கிளாரா காத்திருக்கும் இடத்தில்
வெறும் சாம்பல் கட்டங்கள்.
தினமும் ஒன்பது மணிவரை
உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லாமல்
அதில்தான் நிற்கிறாள்.

நாலரைக்கு வழக்கம்போலக் கீழே போய்
இரண்டு தட்டுவடை செட் வாங்கிவந்தேன்.
அவளுக்குப் பூண்டுச் சட்னி தூக்கலாக.
ஐந்து மாதமாக இப்படித்தான்.
காகிதத் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இதுக்கு எத்தனை புள்ளி?"

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
எனக்கும் ஒரு முகம்தான் வரைந்திருக்கிறார்கள் போல.
நிஜத்தில் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்:
நூற்றுப்பத்து செட்,
அதில் மழைநாள் ஏழு,
டயர் பஞ்சரான அன்று அவளை வீடுவரை கொண்டுவிட்டது தனி.

சாப்பிட்டு முடித்தாள். முப்பது ரூபாயை
சில்லறையாக எண்ணி
கீபோர்டின் மேல் வைத்தாள்.

அன்றிரவு தாழ்ப்பாள் எழுதினேன்.
உள்பக்கம்.
பின்னால் ஓர் அறை: கட்டில், ரேடியோ,
கழுவாத டம்ளர் ஒன்று.
எண்பதானாலும் சில இரவுகளில் திறக்கமாட்டாள்.
காரணம் ஆட்டக்காரருக்குக் காட்டப்படாது.
என்னிடமும் இல்லை.
பகடை உருட்டச் சொல்லியிருக்கிறேன்,
அதற்குமேல் எனக்கு அவளைத் தெரியாது.

முதலாளி ஓசூரிலிருந்து போனில் கத்தினார்:
காசு கொடுத்தவன் கதவுக்கு வெளியே நிற்பானா?
நிற்கட்டும் என்று சொல்லத் தைரியமில்லை,
சோதனையில் இருக்கிறது சார் என்றேன்.

பிழை 219: பதினோரு இரவு போய் நின்றேன். திறக்கவில்லை.
உள்ளே ரேடியோ பாடுகிறது. இது பிழையா?

இல்லை என்று எழுதினேன்.
மூடப்பட்டது, என்று குறித்துக்கொண்டாள்.

நாலரை ஆனது. நான் எழுந்திருக்கவில்லை.
கீழே காரட் துருவும் சத்தம்.
அவள்தான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்,
படியில் பாதியில் நின்று
உங்களுக்கு எப்படி வேணும் என்றாள்.

எனக்கு பீட்ரூட் பிடிக்காது என்று
ஐந்து மாதத்தில் முதல்முறையாகச் சொன்னேன்.